கூடை விழுந்த பிறகு

அந்த அறைக்குள் போனதும் முதலில் கண்ணில் படுவது சைக்கிள் இல்லை, வாளி. நீல நிற பிளாஸ்டிக் வாளி, சைக்கிளுக்கு இடது பக்கம், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். மிதித்து முடித்தவர்கள் வாந்தி எடுப்பதற்காக. அதைப் பார்த்த பிறகும் ஒருத்தி உள்ளே வருகிறாள் என்றால் அவள் கால்பந்து விளையாடுகிறவளாக இருக்க வேண்டும், அல்லது புத்தி பிசகினவளாக இருக்க வேண்டும். என் மாமியாரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதானே என்பார்.

சைக்கிள் என்றால் எங்கேயும் போகாத சைக்கிள். தரையோடு போல்ட் போட்டு முறுக்கியிருக்கும். முன்னால் கனமான ஒரே ஒரு சக்கரம், அதைச் சுற்றி ஒரு பட்டை, பட்டையின் நுனியில் ஒரு சின்னக் கூடை. நம் உடம்பின் எடைக்குத் தகுந்தபடி அந்தக் கூடையில் இரும்புத் தட்டுகளை அடுக்குவார்கள். முதலில் சுமை இல்லாமல் மிதிக்க வேண்டும். முடிந்த அளவு வேகம் வந்ததும் கொக்கியை விடுவிப்பார்கள். கூடை டக்கென்று இறங்கும், பட்டை சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும், அந்த நொடியிலிருந்து முப்பது வினாடி. அவ்வளவுதான். முப்பது வினாடியில் என்ன பெரிதாக ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களை ஒரே ஒரு தடவை அதில் ஏற்றி உட்கார வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சோதனை செய்கிறவரை நாங்கள் 'முப்பது' என்போம், அவருக்குத் தெரியாமல். தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒல்லியான மனிதர், வாயில் எப்போதும் தொண்டை மிட்டாய். மிதிப்பவளைப் பார்த்து "விடாத! விடாத! விடாத!" என்று கத்துவது அவர் வேலையில் ஒரு பகுதி. கேப்டனுக்கும் அதே சுருதி, நேற்று சேர்ந்தவளுக்கும் அதே சுருதி. ஒருத்திக்கு மட்டும் ஆசையாகக் கத்தினால் அவள் கால் கூடுதலாக மிதித்துவிடுமாம், கணக்கு கெட்டுவிடுமாம். அதனால் சோதனை நடக்கும்போது வேறு யாரையும் அறைக்குள் விடமாட்டார்.

முதல் வருடம் அணியை வரிசையாக நிற்க வைத்து அவர் விளக்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "திடீர்னு பந்து வருது, ஓடுறீங்க. மூச்சுக் காத்து காலுக்குப் போய் வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும். அது வரைக்கும் கால் தன்னோட கையிருப்புலதான் ஓடணும். அந்தக் கையிருப்பு எவ்வளவுன்னு பாக்கறதுதான் இது." பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "காலுக்கு ஏது சார் கையிருப்பு?" என்று கேட்டது. மொத்த அணியும் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிதான் இப்போது என் நாத்தனார். அப்போது என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள், அவள் அண்ணனைப் பார்த்தேன், மீதிக் கதையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அக்கா அண்ணியானேன். பிறகு வயிற்றில் பிள்ளை வந்தது, விளையாட்டை விட்டு விலகினேன், இடது ஓரத்தில் நான் ஓடிய இடத்தில் அவள் ஓட ஆரம்பித்தாள். நன்றாகவே ஓடினாள். அதுதான் பிரச்சினை.

என் மகள் பிறந்து எட்டு மாதம் கழித்து நான் திரும்பப் போனபோது, எங்கள் கோச் மேடம் எங்கள் இருவரையும் ஒன்றாக நிற்க வைத்துக்கொண்டே சொன்னார். "சைக்கிள் டெஸ்ட்ல நீ பாஸ் பண்ணிட்டா உன் இடம் உனக்கு. பண்ணலைன்னா இவளே தொடரட்டும். ஒரு இடத்துக்கு ரெண்டு பேரை வச்சுக்கிற வசதி எங்கிட்ட இல்ல." என் நாத்தனார் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்கள், வேறு என்ன செய்வது?

பாஸ் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முழங்கால் போனாலும் சரி, பிள்ளை பெற்றாலும் சரி, நீண்ட நாள் விலகியிருந்து வருகிறவள் தன்னுடைய பழைய எண்ணில் பத்தில் ஒன்பது பங்கையாவது தொட வேண்டும். அந்த முப்பது வினாடியில் கால் காட்டிய சக்தியின் சராசரியை உடம்பின் எடையால் வகுத்தால் வருவதுதான் எண். அணியில் முக்கால்வாசிப் பேருக்கு அது ஆறு, ஆறரை. காரணம் பலவீனம் இல்லை, புத்திசாலித்தனம். சீசன் தொடக்கத்தில் எல்லோரும் முகத்தை மட்டும் கோணலாக வைத்துக்கொண்டு, காலை முக்கால் மனசோடு மிதிப்பார்கள். பிறகு அடிபட்டுத் திரும்பினால் சுலபமாகத் தொடலாம் இல்லையா? முப்பதுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் ஒருத்தி காலுக்குள் என்ன மிச்சம் வைத்திருக்கிறாள் என்று எப்படி நிரூபிப்பார்?

"அக்கா, முழுசா மிதிச்சுடாதீங்க. பின்னாடி உங்களுக்கே ஆப்பு" என்று ஒவ்வொரு சீசனும் என் காதில் ஓதியவள் இதே நாத்தனார்தான். ஏமாற்று வேலைக்கு வேறு ஆளைப் பார் என்று பந்தாவாகச் சொல்லிவிட்டு ஏறுவேன். கடைசித் தடவை எட்டு மிதித்தேன். அந்த அறையில் அதற்கு முன் யாரும் எட்டைத் தொட்டதில்லை. முப்பதுகூட மிட்டாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரையை மறுபடி பார்த்தார். நான் வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தபடியே சிரித்தேன். பிற்பாடு நாள் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அன்றைக்கே என் மகள் எனக்குள் கடுகளவு இருந்திருக்கிறாள். ஆக நான் ஜெயிக்க வேண்டியது என் பழைய உடம்பை மட்டும் இல்லை, இரண்டு பேரை.

எட்டில் பத்தில் ஒன்பது பங்கு, ஏழு புள்ளி இரண்டு. போன மாதம் சும்மா பார்ப்பதற்காக மிதித்ததில் ஆறு புள்ளி ஒன்பது வந்தது. அன்றிலிருந்து தூக்கத்திலும் என் கால் மிதித்துக்கொண்டிருப்பதாக என் கணவர் புகார் சொன்னார்.

வீடு வீடாகவே இல்லை. மாமியார் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்கிறவர், யாருக்கும் எதையும் கூட்டியோ குறைத்தோ கொடுத்துப் பழகாதவர். காலையில் எங்கள் இருவர் தட்டிலும் ஒரே மாதிரி முட்டை வைப்பார், ஒரே மாதிரி இரண்டு வார்த்தை பேசுவார். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே போகிறவர்களையும் கீழே வருகிறவர்களையும் சமமாகப் பார்ப்பது அவர் தொழில் தர்மம் போலிருக்கிறது. "நான் யார் பக்கமும் இல்லப்பா" என்றார் ஒரு நாள். "அப்ப உங்களுக்கு சாப்பாடு எந்தப் பக்கம் வைக்கறது?" என்று கேட்டேன். அன்று அவரே போட்டுச் சாப்பிட்டார்.

நாத்தனார் மட்டும் எதுவும் நடக்காததுபோல என் மகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். ஆனால் ஒரு மாலை துணி எடுக்க பால்கனிக்குப் போனபோது அவள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அண்ணி பாவம்தான். ஒரு மூணு மாசம் கழிச்சு வந்திருக்கலாம்." காய்ந்த துணியைப் பாதியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அந்தப் 'பாவம்' என் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டது.

சோதனை நாளன்று என் கணவர் லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. விடிந்தும் விடியாமலும் போன் வந்தது, ஏதோ அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டாராம். பனியனை மாட்டிக்கொண்டே ஓடினார். மாமியாருக்குப் பகல் ஷிஃப்ட். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றேன். நாத்தனார் பல் துலக்கிக்கொண்டே வந்தாள். அவள் சோதனை முந்தின நாளே முடிந்திருந்தது, வழக்கம்போல முக்கால் மனசோடு.

"நான் வரேன் அண்ணி. எனக்கு மத்தியானம்தான் பிராக்டிஸ்."

நான் தோற்றால் லாபம் யாருக்கோ அவள் கையிலா பிள்ளையைக் கொடுப்பது? வேண்டாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் வேண்டாம் என்றால் வேறு யார்? "சரி" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவள் கவனித்திருப்பாள்.

மைதானத்தின் பார்வையாளர் படிகளுக்கு அடியில் இருக்கிறது அந்த அறை. வெளியே நீளமான நடை, ஒரு பெஞ்ச், குழாய் ஒழுகும் ஒரு தொட்டி. பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்குப் பால் கொடுத்தேன். அவள் பசிக்காக மட்டும் இல்லை. கொடுத்துவிட்டு ஏறினால் எடை கொஞ்சமாவது குறையும், கூடையில் இரும்பு குறையும் என்று ஒரு அற்ப ஆசை. எடை இயந்திரம் என் ஆசையைச் சட்டை செய்யவில்லை. பழைய எடையைவிட மூன்று கிலோ கூட. முப்பது தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

மறுபடி வெளியே வந்து நாத்தனாரிடம் சொன்னேன். "இங்கயே இரு. கதவுகிட்டயே. எங்கயும் போகாத."

"அழுதா நான் பாத்துக்கறேன் அண்ணி. நீங்க போங்க."

"எங்கயும் போகாதன்னு சொன்னேன்."

"சரி அண்ணி."

மகள் அவள் தோளில் சாய்ந்து அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

உள்ளே முப்பது என் ஷூக்களைப் பெடலோடு சேர்த்துப் பட்டியால் இறுக்கினார். "தயாரா?" என்றார். இல்லை என்று சொன்னால் மட்டும் விட்டுவிடுவாரா? மிதிக்க ஆரம்பித்தேன். சக்கரம் ரீங்காரமிட்டது. வேகம் ஏறியது. கண் ஓரத்தில் வாளி தெரிந்தது.

டக்.

முதல் ஐந்து வினாடி ஒன்றும் தெரியாது, அப்போது நான் ராணி. பத்தில் தொடைக்குள் யாரோ அடுப்பு பற்ற வைக்கிறார்கள். பதினைந்தில் பெடல் சேற்றுக்குள் போகிறது. "விடாத! விடாத!" என்று எங்கோ தொலைவில் கேட்கிறது. விடவில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அது என் காலுக்கே தெரிந்தது. அப்போதுதான் அழுகை கேட்டது.

சாதாரண அழுகை இல்லை. வலித்தால் அழுகிற அழுகை. மூச்சை உள்ளே இழுத்து, சத்தமே வராமல் ஒரு கணம் நின்று, பிறகு வீறிடுமே, அது. மார்பில் பால் குபுக்கென்று சுரந்து சட்டையை நனைத்தது. நாத்தனார் கிள்ளிவிட்டாள். எனக்கு வேறு எந்த நினைப்பும் வரவில்லை, பால்கனியில் கேட்ட 'பாவம்' ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. வேண்டுமென்றே கிள்ளுகிறாள், நான் இறங்க வேண்டும் என்றே கிள்ளுகிறாள்.

இறங்கினேன். இறங்கினேன் என்றால் பட்டியை அவிழ்க்கக்கூட இல்லை. இடது காலை ஷூவிலிருந்து உருவிக்கொண்டேன். வலது கால் எப்படியோ ஷூவோடு வந்துவிட்டது. சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்க, முப்பது "ஏம்மா! ஏம்மா!" என்று எழுந்து நிற்க, நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன்.

நடை காலி. பெஞ்ச் காலி. அவளும் இல்லை, குழந்தையும் இல்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கணத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது என்று சொல்லமாட்டேன், போன உயிர் திரும்பி வரவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். படிகளைச் சுற்றி, டிக்கெட் ஜன்னலைத் தாண்டி, கேட் வரை. கேட்டுக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துகிற இடத்தையும் தாண்டி, மதில் நிழலில் ஒரு உருவம் மெதுவாக அசைந்து அசைந்து நடந்துகொண்டிருந்தது. அவள் தோளில் என் மகள்.

"ஏன் அழுதா?" என்று கத்தினேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். விரலை உதட்டில் வைத்தாள். "யாரு அண்ணி?"

"என் பொண்ணு! என்ன பண்ணின அவளை?"

"தூங்கறா அண்ணி. நீங்க உள்ள போனதுமே தூங்கிட்டா."

கிட்டே போய்ப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து, கன்னம் தோளில் நசுங்கி, எச்சில் ஒழுகி அவள் சட்டையில் ஒரு வட்டம் ஈரம். அழுத முகமே இல்லை. இமையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"கதவுகிட்ட இருன்னு சொன்னேன் இல்ல?" என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"அங்க இருந்தா, இவ முழிச்சு அழுதா உங்களுக்குக் கேக்கும். கேட்டா உங்களால மிதிக்க முடியாது. அதான் இவ்வளவு தூரம் தள்ளி வந்துட்டேன்." சொல்லிக்கொண்டே அவள் பார்வை கீழே இறங்கியது. என் ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் சாக்ஸ். "அண்ணி, இறங்கிட்டீங்களா?"

மதிலில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பிப் போனபோது முப்பது என் இடது ஷூவைப் பெடலிலிருந்து கழற்றித் தரைவிரிப்பின் மேல் ஒழுங்காக வைத்திருந்தார். ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டார். குழந்தை அழுதது என்றேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"அது அழவே இல்ல சார்."

அவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார். "என் வீட்டம்மாவுக்கும் அப்படித்தான் கேக்கும். குளிச்சுக்கிட்டு இருப்பா, தண்ணியை நிறுத்திட்டு ஓடி வருவா. புள்ளை இந்தப் பக்கம் தூங்கிக்கிட்டு இருக்கும்." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "பாதியில நின்ன டெஸ்டுக்கு எண் கிடையாதும்மா. ஒரு தடவை மறுபடி மிதிக்கலாம்னு விதி இருக்கு. ஆனா இன்னிக்கே மிதிக்கணும், சாயங்காலம் மேடம் பேர் அனுப்பணும். ஒரு மணி நேரம் தரேன். கால் முழுசா தேறாது. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"பண்ண வேண்டாம் சார்."

"இன்னொரு தடவை இறங்கினா அவ்வளவுதான்."

அந்த ஒரு மணி நேரத்தை நான் பெஞ்சில் கழித்தேன். தொடை தன்னால் துடித்தது. இன்னொரு தடவை அந்தக் கூடை விழும் என்று நினைக்கும்போதே வாளி வேண்டியிருந்தது. நாத்தனார் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தாள். குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு பெஞ்சின் மறு நுனியில் உட்கார்ந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நான் கிள்ளிட்டேன்னு நினைச்சீங்களா அண்ணி?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை. "ஆமா."

அவள் குழந்தையின் சட்டையை இழுத்துச் சரி செய்தாள், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "நீங்க தோக்கணும்னு நேத்து ராத்திரி நினைச்சேன். அது நிஜம். இன்னிக்குக் காலையில பல் தேய்க்கறப்பகூட நினைச்சேன். அந்த இடம் எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு அண்ணி, நான் என்ன பண்றது?" பெஞ்சில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "ஆனா நினைக்கறது வேற. இவளைக் கிள்ளறது வேற. என்னை அவ்வளவு கேவலமாவா நினைச்சீங்க?"

மன்னித்துவிடு என்பதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாலு பேர் நடுவில் சண்டை போடத் தெரியும், நடுவரிடம் வாயடிக்கத் தெரியும், இது தெரியாது.

"நான் வேணா கதவைக் கொஞ்சம் திறந்து வச்சுக்கிட்டு வெளியில நிக்கறேன்" என்றாள் சற்றுப் பொறுத்து. "நீங்க இவளைப் பாத்துக்கிட்டே மிதிக்கலாம். அப்ப சந்தேகம் வராது."

நல்ல யோசனைதான். பத்து நிமிடம் முன்னால் நானே கேட்டிருப்பேன்.

"வேண்டாம்" என்றேன். "கொண்டு போ. முதல்ல போன இடத்துக்கே போ. இன்னும் தூரமாக்கூட போ."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அசங்காமல் குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்து நடந்தாள். நடையின் கடைசியில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போனேன்.

இந்த முறை பட்டியை இன்னும் ஒரு துளை இறுக்கச் சொன்னேன். முப்பது இறுக்கினார். "தயாரா?" என்றார் அதே குரலில்.

டக்.

முதல் ஐந்து வினாடியிலேயே தெரிந்துவிட்டது, இந்த முறை நான் ராணி இல்லை. அடுப்பு அணையவே இல்லை போலிருக்கிறது, ஐந்திலேயே பிடித்துக்கொண்டது. பத்தில் சேறு. சக்கரம் என் காலைச் சுற்றவைக்கிறதா, கால் சக்கரத்தைச் சுற்றவைக்கிறதா என்று புரியாத ஒரு நிலை. "விடாத! விடாத!" கண்ணை மூடிக்கொண்டேன்.

பதினைந்தைத் தாண்டியதும் அது மறுபடி கேட்டது. அதே அழுகை. மூச்சை இழுத்து, ஒரு கணம் நின்று, வீறிட்டது.

பொய் என்றது மூளை. நிஜம் என்றது மார்பு, பால் மறுபடி சட்டையை நனைத்தது. நிஜமாக இருந்தால்? இந்த முறை நிஜமாகவே விழுந்து அடிபட்டிருந்தால்? இடது கால் ஷூவுக்குள் குதிகாலைத் தூக்கியது, உருவிக்கொள்ளத் தயாராக. அது என் அனுமதியைக் கேட்கவில்லை. அழுகை நிற்கவும் இல்லை. அழட்டும். அவள் அத்தை இருக்கிறாள். அவள் அத்தை இருக்கிறாள், அவள் அத்தை இருக்கிறாள் என்று ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தடவை சொன்னேன், வாய்விட்டே சொன்னேன் என்று பின்னால் முப்பது சொன்னார். குதிகாலைக் கீழே அழுத்தினேன். இருபதுக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. கால் இருந்ததா என்றுகூடத் தெரியாது.

"போதும்மா. முடிஞ்சுது. போதும்."

அவரே பட்டியை அவிழ்த்தார், அவரே வாளியை எடுத்துக் கொடுத்தார். குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தேன். தலையைத் தூக்கியபோது அவர் திரை முன்னால் நின்றுகொண்டிருந்தார். மிட்டாய் வாயில் இல்லை, கையில் இருந்தது.

"ஏழு புள்ளி ரெண்டு" என்றார். "மயிரிழைதான். ஆனா ஏழு புள்ளி ரெண்டு."

சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஓட வேண்டும் என்று மட்டும் தோன்றியது, ஆனால் கால் ஓடுகிற நிலையில் இல்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். நடையைத் தாண்டியபோதே அழுகை கேட்டுவிட்டது. கேட்டை நோக்கிப் போகப் போகச் சத்தம் பெரிதானது.

மதிலுக்கு வெளியே, ரோடு திரும்புகிற முனையிலிருந்து அவள் வேகவேகமாக வந்துகொண்டிருந்தாள். முடி கலைந்து முகத்தில் ஒட்டியிருந்தது, ஒரு காதுத் தோடு கழன்று கையில் இருந்தது. தோளில் என் மகள் முகம் சிவக்க அலறிக்கொண்டிருந்தாள்.

"முழிச்சுட்டா அண்ணி. பைக் ஒண்ணு டமார்னு சத்தம் போட்டுட்டுப் போச்சு, முழிச்சுட்டா. ரொம்ப தூரம் போய்ப் பார்த்தேன், அப்பவும் கத்தினா." மூச்சு வாங்கியது அவளுக்கு. கண் கலங்கியிருந்தது. "உங்களுக்குக் கேக்கல இல்ல? கேக்கலைன்னு சொல்லுங்க அண்ணி."

மகளை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். நனைந்த சட்டையை முகர்ந்ததுமே அழுகை விக்கலாகக் குறைந்தது.

"கேட்டுச்சு" என்றேன்.

அவள் முகம் செத்துவிட்டது. "ஐயோ. மறுபடியும் இறங்கிட்டீங்களா?"

"இல்ல. இறங்கல."

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. முதலில் வாய் சிரிக்கப் பார்த்தது. பிறகு சிரிப்புக்குப் பின்னாலேயே மற்றது வந்தது, அவள் அதை என்னிடமிருந்து மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு கழன்ற தோட்டை மாட்டினாள். துளை கிடைக்காமல் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?"

"ஏழு புள்ளி ரெண்டு."

"நான்தான் அப்பவே சொன்னேனே, அந்த எட்டை மிதிக்காதீங்கன்னு. ஆறரை வச்சிருந்தா இன்னிக்கு சிரிச்சுக்கிட்டே வந்திருக்கலாம்." மூக்கை உறிஞ்சினாள். தோடு ஒருவழியாக உள்ளே போனது. "முதல் மேட்ச் ஞாயித்துக்கிழமைதானே?"

"ஆமா."

"அண்ணனுக்கு அன்னிக்கும் எங்கயாவது லிஃப்ட் நின்னுடும். அம்மாவுக்கு ஷிஃப்ட் இருக்கும்."

நான் தலையாட்டினேன். வேறு எதற்கும் எனக்கு அப்போது தெம்பில்லை. அவள் குனிந்து என் கால் பக்கம் பார்த்தாள், அவிழ்ந்து கிடந்த ஷூ நாடாவைக் கட்டிவிட்டாள். எழுந்து கையை நீட்டினாள். மகள் என் தோளிலிருந்து அவளிடம் தாவினாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் நாத்தனார். "எவ்வளவு தூரத்துல நிக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க."